கடைமடைக்குத் தண்ணீர் போகிறதா? – ஏற்காடு விவசாயிகள் குழு பற்றிய கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஏற்காட்டைச் சுற்றியுள்ள காபி, மிளகு விவசாயிகள் 480 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு அது. தொடங்கிய காலத்தில் மழை, விலை, நோய் என்று நல்ல பேச்சு நடந்தது. பிறகு காலை வணக்கப் படங்கள், கட்சிச் சண்டை, நில விளம்பரம். வெறுத்துப்போய் 'அட்மின் மட்டும்' என்று பூட்டினார்கள். இரண்டே மாதத்தில் குழு பேச்சுமூச்சில்லாமல் போனது. மறுபடி திறந்தார்கள், மறுபடி சண்டை. "எல்லாருக்கும் பேசச் சுதந்திரமும் வேண்டும், குழுவால் எல்லாருக்கும் பிரயோஜனமும் இருக்க வேண்டும். எல்லைக்கோட்டை எங்கே போடுவது?" என்று கேட்கிறார்கள்.

திறப்பது, பூட்டுவது என்று இரண்டே வழிதான் உண்டு என்று நினைத்ததில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. மடையைத் திறந்தே போட்டால் தலைமடைக்காரர் வயல் மட்டும் நிறையும். மூடியே வைத்தால் எல்லார் வயலும் காயும். அதனால்தான் முறை வைத்தார்கள்: யாருக்கு எந்த நாள், எத்தனை நாழிகை, மடையைத் திறந்து மூடுவது யார், வாய்க்காலைத் தூர்வார வீட்டுக்கு எத்தனை ஆள். அந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள யாரும் தலைமடைக்குப் போய்ப் பார்ப்பதில்லை. கடைமடைக்குத்தான் போவார்கள். அங்கே ஈரம் இருந்தால் எல்லாம் சரி.

குழுவுக்கும் அந்த அளவுகோலையே வையுங்கள். மாரமங்கலம் பக்கம் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெண் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படம் போட்டு, "செடி ஏன் இப்படி மஞ்சளாகுது?" என்று கேட்கிறார். அவருக்கு 24 மணி நேரத்தில் பொறுப்பான பதில் வந்ததா? வந்தால் உங்கள் குழுவில் சுதந்திரமும் இருக்கிறது, பயனும் இருக்கிறது. வரவில்லை என்றால், ஒரு நாளைக்கு 200 பதிவு ஓடினாலும் அது பத்துப் பேரின் சுதந்திரம்தான்.

இதை ஆராய்ச்சியாகவே செய்தவர் எலினோர் ஆஸ்ட்ரம். பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண், ஆண்டு 2009. பொதுச் சொத்தை மக்கள் கையில் விட்டால் அழித்துவிடுவார்கள், தனியாருக்கு விற்க வேண்டும் அல்லது அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வாதம் 1968 முதல் பலமாக இருந்தது. அவர் சுவிட்சர்லாந்து மலை மேய்ச்சல் நிலம், ஜப்பான் கிராமக் காடு, ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் வாய்க்கால்கள் என்று நூற்றாண்டுக் கணக்கில் தாங்கி நின்ற ஏற்பாடுகளை எடுத்துப் பார்த்தார். தாங்கியவற்றுக்கெல்லாம் பொதுவாகச் சில குணங்கள் இருந்தன. யார் உறுப்பினர் என்ற எல்லை தெளிவாக இருந்தது. விதிக்குக் கட்டுப்படுகிறவர்களே விதியைச் செய்தார்கள். கண்காணிப்பவர் உள்ளூர்க்காரர், அவரும் பதில் சொல்ல வேண்டியவர். தண்டனை சின்னதில் தொடங்கிப் படிப்படியாக ஏறியது. சண்டையைத் தீர்க்கச் செலவில்லாத ஓர் இடம் பக்கத்திலேயே இருந்தது. உங்கள் குழுவில் இந்த ஐந்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான குழுக்களில் ஒன்றுகூட இருக்காது. அட்மினுக்குக் கோபம் வந்தால் நீக்குவது என்ற ஒரே விதிதான் இருக்கும்.

பூட்டிய குழு ஏன் செத்தது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் குழுவின் சரக்கு எதுவும் அட்மின் கையில் இல்லை. செம்மநத்தத்தில் நேற்று 80 சென்ட் மழை (ஒரு சென்ட் என்பது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு), நாகலூரில் ஒன்றுமில்லை என்பது அந்தந்தத் தோட்டத்தில் மழைமானி வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். அவர்கள் வாயை அடைத்துவிட்டால் அட்மினிடம் மிஞ்சுவது செய்தித்தாள் நறுக்கு மட்டும். அதற்கு ஒரு குழு எதற்கு?

திறந்து போட்ட குழு ஏன் கெடுகிறது என்பது வெறும் கணக்கு. ஒரு காலை வணக்கப் படத்தைத் தள்ளிவிட ஒருவருக்கு 5 விநாடி என்று வையுங்கள். 480 பேருக்கு 2,400 விநாடி, அதாவது 40 நிமிடம். அனுப்பியவருக்கு ஆன செலவு ஒரு தட்டு. தினம் 20 படம் வந்தால் ஊர் நேரத்தில் 13 மணி 20 நிமிடம் போகிறது. படம் ஒன்று 150 கேபி என்றால் ஒவ்வொருவர் போனிலும் மாதம் 90 எம்பி நிறைகிறது. குறைந்த விலை போன் வைத்திருப்பவருடையது முதலில் திணறும். அவர் என்ன செய்வார்? குழுவை ம்யூட் செய்வார். அதற்குப் பிறகு நல்ல கேள்வியும் அவர் கண்ணில் படாது, பதிலும் வராது. இப்படித்தான் சத்தமில்லாமல் கடைமடை காய்கிறது. படம் போட்டவர் கெட்டவர் இல்லை. அன்பாகத்தான் போட்டார். ஒருவர் தட்டும் செலவும் ஊர் தாங்கும் செலவும் வேறு வேறு என்பதுதான் பிரச்சினை. விதி அந்த இடைவெளியைத்தான் குறிவைக்க வேண்டும், அவர் மனதை இல்லை.

மாற்றம் எதையும் தொடங்குமுன் அளந்துகொள்ளுங்கள். குழுவைத் திறந்து 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து 'மீடியா இல்லாமல்' என்று தேர்ந்தால் உரையாடல் ஓர் எழுத்துக் கோப்பாக வரும். கடைசி 30 நாளை மட்டும் எடுத்து இரண்டு எண்ணிக்கை போதும்: எத்தனை வெவ்வேறு பேர் பதிவிட்டார்கள், கேட்ட கேள்விகளில் எத்தனைக்கு ஒரு நாளுக்குள் பதில் வந்தது. எண்ணி முடித்ததும் கோப்பை அழித்துவிடுங்கள். அதில் எல்லார் பேச்சும் இருக்கிறது. 480 பேரில் 40 பேர்தான் பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் பதற வேண்டாம். இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு நிற்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் நிறைய எழுதுவார் என்று ஜேக்கப் நீல்சன் 2006-இல் சொன்ன தோராயக் கணக்கு ஏறக்குறைய எங்கும் பொருந்துகிறது. படிப்பவர் ஒட்டுண்ணி இல்லை. அவர் படித்ததைத் தோட்டத்தில் செய்கிறார். கவலைப்பட வேண்டியது இரண்டாவது எண். பாதிக் கேள்விகளுக்கு மேல் பதிலில்லாமல் கிடந்தால் உடனே வேலையை ஆரம்பிக்க வேண்டும்.

இனி அமைப்பு. எல்லாரையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு 'அதைப் பேசாதே, இதைப் பேசாதே' என்பதைவிட அறைகளைப் பிரிப்பது நல்லது. வாட்ஸ்அப்பின் 'கம்யூனிட்டி' வசதியில் ஒரு குடையின் கீழ் பல குழுக்களை வைக்கலாம். உங்களுக்கு நான்கு போதும். அவசரம்: மலைப்பாதை மண்சரிவு, காட்டுத்தீ, காட்டெருமை நடமாட்டம். கேள்வி–பதில்: பயிர், நோய், விலை, மழை. சந்தை: நாற்று, இயந்திரம், நிலம், ஆள் தேவை. திண்ணை: மற்ற எல்லாம், காலை வணக்கமும் அரசியலும் உட்பட. ஐந்தாவது ஆறாவது என்று போகாதீர்கள். காலி அறை பார்த்தால் ஆட்கள் பழைய அறைக்கே திரும்பி வருவார்கள். திண்ணை மிக முக்கியம். அதை வைக்காமல் 'பேசக் கூடாது' என்று மட்டும் சொன்னால் கேள்வி–பதில் குழுவே திண்ணையாகிவிடும்.

கேள்வி–பதில் எல்லாருக்கும் திறந்தே இருக்கட்டும். அவசரக் குழுவைத்தான் சிலரிடம் கட்டி வைக்க வேண்டும். ஆனால் அந்தச் சிலர் ஊர் ஊராக இருக்க வேண்டும். வெள்ளக்கடை, நாகலூர், மஞ்சக்குட்டை, மாரமங்கலம், செம்மநத்தம், ஏற்காடு டவுன் என்று பக்கத்துக்கு இருவர். அவர்கள் போடும் செய்தியில் நான்கு விஷயம் கட்டாயம்: இடம், நேரம், நேரில் பார்த்ததா கேட்டதா, இப்போது வண்டி போகுமா. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அந்த மாதிரி நாளில் 'ரோடு போச்சு' என்ற இரண்டு சொல்லால் யாருக்கும் பயனில்லை. 'எட்டாவது வளைவுக்கு மேலே, காலை 6.40, நேரில் பார்த்தேன், டூவீலர் மட்டும் போகுது' என்றால் பிரசவ வலியில் இருப்பவரைக் கீழே சேலத்துக்குக் கொண்டுபோகிற வண்டிக்காரர் எந்த வழியில் போவது என்று முடிவு செய்ய முடியும்.

கேள்வி–பதிலுக்கு வருவோம், உயிர் அங்கேதான் இருக்கிறது. இங்கே விதி எழுதும்போது ஒன்றில் கவனமாக இருங்கள்: கருத்துக்கு விதி போடாமல் வடிவத்துக்கு விதி போடுங்கள். 'தவறான தகவல் போடாதே' என்று எழுதினால் எது தவறு என்பதை அட்மின் தீர்மானிக்க வேண்டிவரும், அன்றைக்கே சண்டை. 'விலை சொன்னால் இந்த ஐந்து விவரத்தோடு சொல்' என்றால் யாருக்கும் கோபம் வராது, தகவலும் தானாகச் சுத்தமாகும்.

விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 'பார்ச்மென்ட் நல்ல ரேட் போகுது' என்று ஒருவர் எழுதுகிறார் (பழத்தோலை நீக்கிக் காயவைத்த, உள்தோல் உள்ள காபிக்கொட்டைதான் பார்ச்மென்ட்). எந்த ரேட்? அரபிகா வகைக் காபியின் பார்ச்மென்டா, பழமாகவே காயவைத்த செர்ரியா? 50 கிலோ மூட்டைக்கா, கிலோவுக்கா? ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு வந்த சரக்கா, களத்திலிருந்து அவசரமாக அள்ளியதா? வியாபாரி வாயால் சொன்ன விலையா, பணம் கைக்கு வந்த விலையா? அவுட்டர்ன் (தோல் நீக்கினால் எவ்வளவு சுத்தக் கொட்டை தேறும் என்ற கணக்கு) கழித்த பிறகா? இவ்வளவும் இல்லாமல் ஓடும் விலைச்செய்தியால் நஷ்டப்படுவது சிறு விவசாயிதான். ஒருவர் 'ஏறுது' என்று சொன்னதை நம்பி இரண்டு வாரம் வைத்திருப்பார். அல்லது 'இறங்குது' என்றதும் அள்ளிக் கொடுத்துவிடுவார். மிளகுக்கும் அப்படித்தான், லிட்டர் எடை (ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம்) சொல்லாத விலையை விலையாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. குழுவின் விளக்கக் குறிப்பில் ஒரே வரி வையுங்கள்: 'என்ன சரக்கு – எவ்வளவு – ஈரம்/லிட்டர் எடை – விலை – பணம் வந்த தேதி.' இந்த வரி இல்லாத விலைப்பதிவைக் கண்டால் யார் வேண்டுமானாலும், அட்மின் ஆக வேண்டியதில்லை, '5 விவரம் அண்ணா' என்று பதில் போடலாம். இப்படி உறுப்பினர்களே ஒருவரையொருவர் மென்மையாகத் திருத்தத் தொடங்கினால் அட்மின் வேலை பாதியாகும்.

நோய்க் கேள்விக்கும் வடிவம் உண்டு: ரகம், செடியின் வயது, எந்த ஊர், நிழல் எப்படி, கடைசியாக என்ன மருந்து எப்போது அடித்தார்கள், படம் மூன்று – இலையின் மேல்புறம், அடிப்புறம், முழுச் செடி. இலைத்துரு அடிப்புறத்தில்தான் ஆரஞ்சுத் தூளாகத் தெரியும். மேல்புறப் படத்தை மட்டும் வைத்து நாற்பது பேர் நாற்பது மருந்து சொல்வதில் அர்த்தமில்லை.

தவறான தகவல் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு போர்டோ கலவை. இலைத்துருவுக்கு 0.5 சதவீதக் கலவை என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் அரை கிலோ, சுட்ட சுண்ணாம்பு அரை கிலோ. ஒருவர் அவசரத்தில் புள்ளியை விட்டுவிட்டு '5 சதவீதம்' என்று அடித்துவிடுகிறார். பத்து மடங்கு. அட்மின் பார்த்துப் பதறி அந்தப் பதிவை 'எல்லாருக்கும்' அழித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் காரியம் கெட்டது. ஏற்கெனவே படித்துச் சீட்டில் எழுதிக்கொண்டு போனவருக்கு அது தவறு என்று எப்படித் தெரியும்? அப்படியே விட்டால் வேறு குழுவுக்கு ஃபார்வர்டு ஆகும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் எழுதியவருக்கே போன். பதிவு போட்டு 15 நிமிடத்துக்குள் என்றால் அவரே 'எடிட்' செய்யலாம். நேரம் தாண்டியிருந்தால் பதிவை அழித்து, அதே நிமிடத்தில் 'காலை 9.10 பதிவில் 5% என்று வந்தது தவறு, 0.5% தான், 100 லிட்டருக்கு அரை கிலோ + அரை கிலோ' என்று திருத்தம். அதை 7 நாளுக்குப் 'பின்' செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரே சமயத்தில் மூன்று பதிவுகளைப் பின் செய்யலாம். ஒன்றை எப்போதும் திருத்தத்துக்கென்று காலியாக வைத்திருங்கள். திருத்தத்தில் எழுதியவர் பெயர் வேண்டாம். பெயரைப் போட்டு அவமானப்படுத்தினால் அடுத்த தடவை அவர் தவறாக எழுத மாட்டார், எழுதவே மாட்டார்.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று இருக்கிறது: சொன்னால் தனக்கு நஷ்டம், சொல்லாவிட்டால் ஊருக்கு நஷ்டம் என்கிற தகவல். அரபிகாவில் வெள்ளைத் தண்டு துளைப்பான் அதற்குச் சரியான உதாரணம். ஏப்ரல்–மே, பிறகு அக்டோபர்–டிசம்பர் என்று வண்டு வெளியே வந்து பறக்கும் காலம் இரண்டு. அதற்கு முன் தண்டில் மேடுதட்டிய செடிகளைத் தேடிப் பிடுங்கி எரிக்க வேண்டும். ஒருவர் தோட்டத்தில் விட்டுவைத்த செடியிலிருந்து பறக்கும் வண்டு பக்கத்துத் தோட்டத்தில் முட்டை வைக்கும். ஆனால் 'என் தோட்டத்தில் துளைப்பான் இருக்கிறது' என்று 480 பேர் முன்னால் சொல்ல யாருக்கு மனம் வரும்? நிலத்தை விற்க நினைத்திருக்கலாம். அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரச்சினை இருக்கலாம். இந்த இடத்தில் 'எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும்' என்று பிடிவாதம் பிடித்தால் தகவலே வராது. அட்மின்களில் இருவரைக் குறித்து, 'இவர்களிடம் தனியாகச் சொல்லலாம். ஊர்ப் பகுதி மட்டும் வெளியே வரும், ஆள் பெயர் வராது' என்று எழுதி வையுங்கள். 'யார் தோட்டம்?' என்று குழுவில் கேட்பதை விதியாகவே தடை செய்யுங்கள். ஒருவர் மறைவாக இருக்கும் உரிமையைக் காத்தால்தான் ஊர் தெரிந்துகொள்ளும் உரிமை நடக்கிறது.

வியாபாரம் பற்றி நிறைய சண்டை வரும். என் கருத்தில் வியாபாரிகளை வெளியே தள்ளுவது தவறு. நாற்று எங்கே கிடைக்கும், பழத்தோல் உரிக்கும் பல்பர் இயந்திரத்தை யார் ரிப்பேர் செய்வார் என்பதும் பயன்தான். சந்தைக் குழுவில் மூன்று நிபந்தனை போதும்: விலை போடாத விளம்பரம் செல்லாது, ஒரே விளம்பரம் வாரத்துக்கு ஒருமுறைதான், விற்றதும் 'முடிந்தது' என்று பதில் போட வேண்டும். கேள்வி–பதிலில் ஒரு மருந்துக்கடைக்காரர் பதில் சொல்லலாம், ஆனால் வரியின் தொடக்கத்தில் 'கடை' என்று போட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் போதும்; எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்வார்.

அடுத்து, 'எங்கள் பேச்சுரிமையைப் பறிக்கிறீர்கள்' என்ற குரல். சட்டப்படி பார்த்தால் அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமை. தனியார் குழுவில் பதிவை நீக்குவது பொதுவாக அதன் கீழ் வராது. இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் ரத்து செய்ததும் அரசின் கையைக் கட்டிய தீர்ப்புதான். ஆனாலும் இதை உறுப்பினரிடம் பதிலாகச் சொல்லாதீர்கள். குழுவின் மதிப்பை உண்டாக்கியது அவர்கள் எழுதிய எழுத்து. 'இது எங்கள் இடம், வேண்டாமென்றால் போ' என்று அட்மின் சொல்வது நியாயமாகாது. இன்னொன்றும் இருக்கிறது. அரசியல் என்று எதையெல்லாம் ஒதுக்குகிறீர்கள் என்று பாருங்கள். மரம் வெட்ட அனுமதி, காட்டெருமை மேய்ந்த பயிருக்கு இழப்பீடு, 2006 வன உரிமைச் சட்டத்தில் மலையாளிப் பழங்குடி மக்களுக்குப் பட்டா, காபிக்கு மானியம் – இவையெல்லாம் அரசியல்தான், உங்கள் பிழைப்பும்தான். ஓர் அலுவலகத்தையும் ஒரு திட்டத்தையும் எவ்வளவு காட்டமாக வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். ஓர் ஆளையும் சாதியையும் மதத்தையும் இழுக்கக் கூடாது. இந்த இடத்தில் கோடு போட்டால் நிற்கும். 'அரசியல் கூடாது' என்ற கோடு நிற்காது, யாருக்குப் பிடிக்காதது அரசியல் என்பதில் போய் முடியும்.

அட்மின்களுக்கு உள்ள பயத்தையும் போக்க வேண்டும். உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் சிறைக்குப் போவார் என்று பரவலாக நம்புகிறார்கள். அந்தப் பயத்தில்தான் பலர் பூட்டுகிறார்கள். வெறும் அட்மினாக மட்டுமே இருந்தவரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு அதே கருத்தைச் சொன்னது. தெரிந்தே கூட்டுச் சேர்ந்தால் அது வேறு கதை. ஆகவே மூன்று வகைப் பதிவுக்கு மட்டும் எச்சரிக்கையோ படிநிலையோ கிடையாது. பார்த்த நிமிடம் அழித்து ஆளையும் நீக்க வேண்டும்: சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்வது, மிரட்டல், ஒருவரின் அந்தரங்கப் படத்தையோ விவரத்தையோ போடுவது. 'பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான்' வகை வதந்தியையும் பார்த்ததும் அழியுங்கள். அப்படிப்பட்ட செய்திகளால் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகுதான் 2018 ஜூலையில் இந்தியாவில் ஃபார்வர்டை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு என்று வாட்ஸ்அப் சுருக்கியது. 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று இரட்டை அம்புக்குறியோடு வரும் எதையும் கேள்வி–பதிலில் ஏற்பதில்லை என்று பொதுவாகவே விதி வைக்கலாம். அது கருத்தைத் தொடாத, வடிவத்தைத் தொடும் விதி.

மற்ற மீறல்களுக்குப் படிப்படியாக ஏறும் தண்டனை ஏணி வேண்டும். இங்கே வாட்ஸ்அப்பில் ஒரு குறை: ஒருவரை மட்டும் சில நாள் பேசாமல் வைக்க வழியில்லை. வைத்துக்கொள், அல்லது நீக்கு. டெலிகிராமில் ஒருவருக்கு மட்டும் ஒரு நாளோ ஒரு வாரமோ தடை வைக்கலாம்; 'ஸ்லோ மோட்' போட்டால் ஒருவர் ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில விநாடி முதல் 1 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும்; போன் நம்பரையும் மறைத்து வைக்கலாம். கருவியாகப் பார்த்தால் டெலிகிராம் மேல். ஆனால் உங்கள் ஆட்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். நல்ல கருவிக்காகக் கடைமடை ஆட்களை இழக்க வேண்டாம். ஏணியை மனிதர்களே செய்யலாம். முதல் தடவை, குழுவில் எதுவும் சொல்லாமல் போன்: "அண்ணா, காலையில நீங்க போட்ட லேண்ட் விளம்பரத்தச் சந்தைக் குழுவுக்கு மாத்திடுங்க, நான் இங்க எடுத்துட்டேன். விலையும் போட்டுட்டீங்கன்னா நாலு பேரு கூப்பிடுவாங்க." இரண்டாம் தடவை பதிவு நீக்கமும் தனிச் செய்தியும். மூன்றாம் தடவை 15 நாள் வெளியே. அட்மின் நீக்கியவர் இணைப்பு வழியாகத் தானே திரும்ப வர முடியாது என்பதால், பதினாறாம் நாள் அட்மினே மறக்காமல் சேர்க்க வேண்டும், காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மறந்துவிட்டால் 15 நாள் தண்டனை ஆயுள் தண்டனை ஆகிவிடும், அவர் சொந்தக்காரர்கள் முப்பது பேரும் கோபித்துக்கொண்டு போவார்கள். நீக்கப்பட்டவர் முறையிட, அந்த முடிவில் சம்பந்தப்படாத இரண்டு அட்மின்களும் ஏழு நாள் அவகாசமும் வேண்டும். ஏணி எஸ்டேட் முதலாளிக்கும் ஒன்றுதான், ஒரு ஏக்கர்காரருக்கும் ஒன்றுதான். பெரிய ஆள் விதியை மீறும்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு அவருக்கும் போன் போகவில்லை என்றால் அதற்குப் பிறகு விதி என்று ஒன்று இல்லை.

அட்மின்கள் ஐந்திலிருந்து ஏழு பேர். எல்லாரும் டவுன்காரர்களாகவோ பெரிய தோட்டக்காரர்களாகவோ இருந்தால் குழு அவர்கள் வீட்டுத் திண்ணையாகும். மலையாளிக் கிராமங்களிலிருந்து குறைந்தது இருவர், பெண்கள் இருவர். பதவி ஆறு மாதம். பாதிப் பேர் மாறும்போது பாதிப் பேர் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஓர் அட்மின் இன்னோர் அட்மினை இறக்க முடியும், ஆனால் குழுவை உருவாக்கியவரை யாராலும் இறக்க முடியாது. அதனால் புதிய அமைப்பைத் தனி ஆள் நம்பரில் தொடங்காமல், பொதுவாக வாங்கிய ஒரு சிம்மில் தொடங்கி, அதன் இரண்டடுக்குச் சரிபார்ப்பு எண்ணை மூவரிடம் வையுங்கள். மாத முதல் ஞாயிறு ஒரு கணக்குப் பதிவு: எத்தனை பதிவு நீக்கினோம், என்ன காரணம், எத்தனை பேரை வெளியே வைத்தோம், எத்தனை முறையீடு. பெயர் வேண்டாம், எண் போதும்.

விதியை நீங்களே எழுதி அறிவிக்காதீர்கள். ஏழு வரிக்கு மேல் போகாத வரைவைப் போடுங்கள். அதையே மலைப்பேச்சில் ஒருவர் ஒரு நிமிடக் குரல் பதிவாகச் சொல்லட்டும், படிக்கச் சிரமப்படுபவர் நிறைய உண்டு. ஒரு வாரம் திருத்தம் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு விதிக்கும் தனித்தனி வாக்கெடுப்பு, ஒருவருக்கு ஒரே பதில் என்ற அமைப்போடு, இன்னொரு வாரம். 480-இல் 150 பேராவது வாக்களித்து அதில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதித்த விதி மட்டும் 90 நாளுக்குச் சோதனையாக அமலாகும். தோற்ற விதியைக் குறுக்கு வழியில் கொண்டுவராதீர்கள். 90 நாள் முடிந்ததும் முன்பு எடுத்த அந்த இரண்டு எண்ணையும் மறுபடி எடுத்து, இரண்டையும் குழுவில் போட்டு, மறுபடி வாக்கு. அறுவடை நவம்பரில் தொடங்கும் என்பதால் ஜூலை–ஆகஸ்டில் இதைத் தொடங்கினால் பரபரப்புக் காலத்துக்கு முன் பழகிவிடும். இதற்கெல்லாம் சம்மதிக்காமல் சிலர் பிரிந்து தனிக் குழு தொடங்கினால் துரோகம் என்று பேசாதீர்கள். போகும் உரிமை இருப்பதால்தான் இருப்பவர்களின் சம்மதத்துக்கு அர்த்தம் வருகிறது. வாட்ஸ்அப்பில் ஒருவர் வெளியேறினால் அட்மினுக்கு மட்டுமே அறிவிப்பு வரும். அதை எடுத்துக் குழுவில் போட வேண்டாம்.

வாங்குவதோடு கொடுப்பதும் நடக்க, கடினமான கட்டாயம் வேண்டாம். இரண்டு சின்னக் கடமை போதும். கேள்வி கேட்டுப் பதில் வாங்கியவர் 21 நாளுக்குள் திரும்பி வந்து, செய்து பார்த்தேன், இப்படி ஆனது என்று ஒரு வரி சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பது தெரியாத ஆயிரம் ஆலோசனையைவிடப் பலன் தெரிந்த பத்து மேல். அடுத்தது, பருவம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஓர் எண் மட்டும் தருவது: 100 கிலோ பழத்துக்கு எத்தனை கிலோ பார்ச்மென்ட் வந்தது. இருபது கிலோவை ஒட்டி வருவது வழக்கம். ஒரு பகுதியில் மட்டும் குறைந்திருந்தால் காய்த்துளைப்பானா, மழைக்குறைவா, பழுக்காத காயைப் பறித்ததா என்று எல்லாரும் சேர்ந்து தேட முடியும். இப்படிச் சேரும் அறிவு குழுவுக்குள் புதைந்து போகக் கூடாது. மாதம் ஒரு பக்கமாகத் தொகுத்து, எழுதியவர்களின் சம்மதத்தோடு, 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா பயன்படுத்தும் அதே வகைக் கட்டற்ற உரிமத்தில் விடுங்கள்: யாரும் எடுக்கலாம், மூலத்தைச் சொல்ல வேண்டும், அதிலிருந்து செய்ததையும் இதே சுதந்திரத்தோடு கொடுக்க வேண்டும். ஒரு மருந்துக் கம்பெனி எடுத்துத் தன் பெயரில் அடைத்துக்கொள்ள முடியாது. கல்வராயன் மலைக்காரர் எடுத்துத் தன் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளலாம்.

அந்த ஒரு பக்கத்தை ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து, ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு டீக்கடையிலும் ஒவ்வொரு ஊர் ரேஷன் கடைப் பக்கத்திலும் ஒட்டுங்கள். போன் இல்லாதவர் படிப்பார், இல்லையென்றால் யாராவது படித்துக் காட்டுவார்கள். மாதத்தில் ஒரு நாள், அட்மின்கள் ஆளுக்கு இரண்டு பேர் வீதம், இதுவரை ஒரு தடவைகூடப் பேசாத பத்துப் பன்னிரண்டு உறுப்பினர்களைக் கூப்பிடுங்கள். "குழுவில ஏங்க ஒண்ணும் சொல்றதில்ல?" என்று கேட்காதீர்கள், அது அதட்டுவது போல இருக்கும். "உங்க பக்கம் பூ மழை எத்தனை சென்ட்டுங்க, பூ எப்படி வந்திருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் பெயரோடு, அவர் சரி என்றால், நீங்களே குழுவில் போடுங்கள்.